விடியுமுன் வரும் பஸ்

பத்து பெரண்டாம் என்றால் மலாயில் நீரில் ஊறிக்கிடக்கும் கல். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் மலாக்காக்காரர்களுக்கு விமான நிலையமும் தடையற்ற வாணிப வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், தாமான் முனையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களின் தாய்மார்கள் அதே நேரத்தில்தான் ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றார்கள்.

இந்தப் பெண்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியராகப் படிக்கப் போகிறார்கள். அதற்கெல்லாம் முந்திய காலத்தில் தோட்டத்துப் பிள்ளை வாத்தியாராவது எப்படி? பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நிர்வாகங்கள் கொட்டகை போட்டன. வாத்தியாரைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொன்னதுண்டு. அந்தக் கொட்டகையில் நன்றாகப் படித்த பையனே பிறகு அங்கே சட்டாம்பிள்ளையாக நின்று, வார இறுதியில் சைக்கிளில் பட்டணம் போய் நார்மல் வகுப்பில் பயிற்சி பெற்று ஆசிரியரானான். அவன் கண்ட கல்லூரி அவ்வளவுதான். ஆனால் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் நேரே லயத்து வாசலில் போய் நிற்பான். “ஏம்மா, பையன ஒட்டுப்பால் பொறுக்க அனுப்பிட்டியா?” என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அவன் அம்மாவும் அதே மரங்களில் பால் வெட்டியவள்.

நாடு விடுதலை அடைந்தபின் இடைநிலைப்பள்ளி கைக்கு எட்டியது. கூடவே புகுமுக வகுப்பும் வந்தது. இடைநிலைப்பள்ளியின் பயிற்று மொழியைப் பிடிக்க ஒரு வருடம் கூடுதல். அந்த ஒரு வருடத்திலேயே படிப்பை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இன்று தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் பட்டம் வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வைத் தாண்டினால், நாட்டிலுள்ள 27 ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களில் ஒன்றில் இடம். அடிப்படைப் பயிற்சியும் பட்டமுமாக ஏறக்குறைய ஐந்து ஆண்டு. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அரைகுறைப் பயிற்சி போதும் என்ற காலம் போனது நல்லது.

ஆனாலும் வீட்டில் முதலில் கல்லூரி போகிற பிள்ளைக்கு மதிப்பெண் மட்டும் போதாது. எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. இரவு சிப்ட் முடிந்து வரும் அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றே: “டீச்சர்கிட்ட கேளும்மா.” அந்த டீச்சர் பள்ளி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கணினி முன்னே பிள்ளையோடு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சம்பளச் சீட்டில் வராத வேலை அது.

அப்படிக் கல்லூரிக்குப் போன ஒரு பெண் பயிற்றுப்பணிக்காகத் தமிழ்ப்பள்ளிக்கு வந்திருந்தாள். முதல் பாடத்திலேயே ஒரு சிறுவன் மேசையில் தலைசாய்த்துத் தூங்கினான். அவள் அதட்டவில்லை. அருகில் குனிந்து, “அம்மாவுக்கு நைட் சிப்ட்டா?” என்று மெல்லக் கேட்டாள்.