காரைக் களிப்பாறை

களிமண்ணும் நுண்வண்டலும் அமைதியான நீரடியில் படிந்து, மேலே சேரும் சுமையால் நீர் பிழியப்பட்டு இறுகும்போது ஷேல் எனப்படும் களிப்பாறை உருவாகிறது. களிமண் துகள்கள் தட்டையானவை. அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடும். அதனால் இந்தப் பாறை படிந்த தளத்தை ஒட்டியே மெல்லிய தகடுகளாகப் பிளக்கிறது.

இது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை; பெங்களூருக்குள் இதைத் தேடிப் பயனில்லை. அங்குள்ள லால்பாக் குன்றில் தெரிவது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையான தீபகற்ப நைஸ் என்னும் உருமாறிய பாறை. அதிலும் வரிகள் உண்டு, ஆனால் அவை படிவு அடுக்குகள் அல்ல; நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உண்டாக்கிய கனிமப் பட்டைகள். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். களிப்பாறையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தாலும் துகளைப் பிரித்தறிய முடியாது.

பெங்களூருக்குத் தென்கிழக்கே, பெரம்பலூர் மாவட்டம் காரையில் களிப்பாறையை அதன் முழு இயல்போடு பார்க்கலாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காவிரிப் படுகைக்குள் புகுந்த கடலின் அடிச்சேறு இது. புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியிட்ட ஆய்வில் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். காரைக் களிப்பாறை ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது.

தொலைவிலிருந்தே நிலத்தின் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். மென்மையான பாறை என்பதால் மழைநீர் அதை எளிதில் அரித்து, புல்பூண்டு அதிகம் பிடிக்காத மொட்டை மேடுகளும் நெருக்கமான ஓடைப்பள்ளங்களுமாக வெட்டிவிடுகிறது. அருகில் சென்றால் சரிவெங்கும் உதிர்ந்த சில்லுகள் கிடக்கும். கத்தி முனையால் எளிதில் கீறலாம். நனைத்தால் மண்வாசனை எழும். சுத்தியலால் தட்டினால் மந்தமான ஒலிதான் வரும். களிப்பாறை மேலும் உருமாறிப் பிறக்கும் பலகைக்கல்லோ கணீரென்று ஒலிக்கும். பல்லிடுக்கில் சிறு துணுக்கைக் கடித்துப் பார்ப்பதும் புவியியலாளர் வழக்கம்: நறநறவென்றால் வண்டல் மணி கலந்திருக்கிறது, வழுவழுப்பாக இருந்தால் களிமண்ணே மிகுதி.

காரையில் கூடுதலாக ஓர் அடையாளம், ஜிப்சம் நரம்புகள். அடுக்குகளைக் குறுக்கே வெட்டி ஓடுபவை, பாறை படிந்த பிறகு விரிசல்களில் உருவானவை. நகத்தால் கீறினாலே தடம் விழும்.

அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரிகளின் ஓடுகளும், கணவாயின் உறவினமான பெலெம்னைட்டுகளின் குண்டு வடிவ எச்சங்களும் இங்கே கிடைக்கின்றன. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் ஒரு புதைபடிவம் காலத்தைச் சொல்லும். பையில் போட்டுக்கொண்டால் அந்தத் தகவல் அழிந்துவிடும். பார்க்கச் செல்வோர் படம் எடுத்துக்கொண்டு, கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும்.