ஊசி ஏறும் முன்பே வரும் வாந்தி

மூன்றாவது, நான்காவது கீமோவுக்கு வருகிறவர்களில் சிலருக்கு மருந்து உடம்பில் ஏறும் முன்பே குமட்டத் தொடங்கிவிடும். வார்டின் வாடை போதும். சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே வயிறு புரளும். "எல்லாம் பயத்தால வர்றது, மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்பார்கள் கூட வந்தவர்கள். அன்பில் சொல்வதுதான். கேட்பவருக்கோ, உடம்பும் போய் இப்போது மனசும் சரியில்லை என்று குத்துகிறது.

அவர் மனசில் குறை ஏதுமில்லை. நஞ்சிலிருந்து தப்பிக்கப் பல உயிர்களுக்கும் வாய்த்த பழக்கம் இது. அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1955-ல் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தார். அதன்பின் அவை அந்த இனிப்பையே ஒதுக்கின. 1978-ல் ஐலீன் பெர்ன்ஸ்டீன், புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கீமோவுக்குச் சற்று முன்னால் புது ருசியில் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்து மறுபடி நீட்டியபோது பலர் வேண்டாம் என்றார்கள். குமட்டலுக்கு மருந்துதான் காரணம் என்று தெரிந்த பெரியவர்களுக்கும் இப்படி வெறுப்பு வருகிறது. வார்டின் வாடையையும் வயிறு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. அது கற்றுக்கொண்டதை அறிவு சொல்லித் திருத்த முடிவதில்லை.

1987-ல் பெர்ன்ஸ்டீனும் சக ஆய்வாளரும் இன்னொன்று செய்தார்கள். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் தூக்கலான ருசியுள்ள மிட்டாய் ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மிட்டாய் இடையில் வந்ததால் சாப்பாட்டின் மேல் வரும் வெறுப்பு குறைந்தது. கீமோ நாளன்று காலையில், ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுத் தெம்பாகப் போகட்டும் என்று மீன்குழம்பு வைக்கும் அம்மாக்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். பிடித்த பண்டத்தைக் குமட்டல் அடங்கிய பிறகு கொடுங்கள்.

சில கீமோ மருந்துகள் குடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கின்றன. அது தரும் குமட்டல் சேதி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. 1990-களில் பரவிய ஒண்டான்செட்ரான் என்ற மருந்து இந்தச் சேதியைத் தடுக்கிறது. ஆனால் முன்கூட்டியே வரும் குமட்டல் ஒருமுறை பழகிவிட்டால், அதற்கு இந்த மாத்திரை பெரிதாக உதவாது. அதனால்தான் முதல் கீமோவிலேயே வாந்தியை அடக்குவது அவ்வளவு முக்கியம். நம்மவர்களோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார்கள். வாந்தி என்று சொன்னால் டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம் வேறு. இந்தப் பொறுமையைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அது நோயாளிக்குக் கெடுதலையே செய்கிறது.

ஏற்கெனவே பழகிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. உடம்பைத் தளர்த்தி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதில் தொடங்கி ஊசி போடும் நாற்காலிவரை ஒவ்வொரு கட்டமாக மனத்தில் கொண்டுவந்து பழகும் பயிற்சி குமட்டலைக் குறைக்கிறது என்று ஆய்வாளர் கேரி மாரோ 1982-லேயே காட்டினார். இதை மனநல ஆலோசகர் கற்றுத்தருவார். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளும் உண்டு, டாக்டர் எழுதித்தந்தால் மட்டும்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது, சென்ற தடவை எத்தனை முறை வாந்தி வந்தது, எப்போது தொடங்கியது, எந்த வாடை பட்டால் குமட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஊசி ஏறும் முன்பே அதை நர்ஸிடம் காட்டுங்கள்.