பாதத்துக்கும் கொஞ்சம் பாசம் காட்டுங்க பாஸ்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கத்திரி வெயிலும் வந்தாச்சு. முகத்துக்கு சன்ஸ்க்ரீன், கண்ணுக்குக் கூலிங்கிளாஸ், தலைக்குத் தொப்பின்னு எல்லாம் ரெடி. சரி பாஸ்... காலுக்கு என்ன வெச்சிருக்கீங்க? அதே தேய்ஞ்ச ரப்பர் செருப்புதானே? அங்கேதான் வில்லங்கம்!

தட்டைப் பாதம், குதிகால் வலின்னு டாக்டர்கிட்ட போனவங்களுக்கு, ஷூவுக்குள்ள வைக்க 'ஆர்த்தோடிக்' இன்சோல் கொடுத்திருப்பாங்க. லீவு விட்டதும் ஷூவோட சேர்த்து அதையும் பரண்ல ஏத்திடுவோம். அப்புறம் தட்டையான செருப்புல ஊர் சுத்துறது, வெறுங்காலோட கிரவுண்டுல கிரிக்கெட்... காலேஜ் திறக்கும்போது பழைய வலியும் அட்மிஷன் வாங்கிட்டு வந்துடும்!

நம்ம ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உள்பக்கம் இருக்கிற வளைவுதான் ஷாக் அப்சார்பர். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை பாதத்துல இறங்குது. 60 கிலோ ஆசாமின்னா, 120 கிலோவுக்கு மேல! ஸ்கூல்ல படிச்ச 'அழுத்தம் = விசை / பரப்பு' ஞாபகம் இருக்கா? ஆர்த்தோடிக் செய்றது அந்தக் கணக்குதான். ஒரே இடத்துல குத்துற பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பி விடுது.

உங்க பாதம் எப்படி? குளிச்சுட்டு ஈரக் காலோட சிமென்ட் தரையில நில்லுங்க. உள்பக்க வளைவே தெரியாம முழுப் பாதமும் பதிஞ்சா, தட்டைப் பாதமா இருக்கலாம். உடனே டென்ஷன் ஆகாதீங்க. வலி இல்லைன்னா பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். ஆனா, காலையில எழுந்து வைக்கிற முதல் அடியிலேயே குதிகால் சுரீர்னு வலிக்குதா? டாக்டரைப் பார்த்துடுங்க. கடையில கிடைக்கிற ஏதோ ஒரு இன்சோலைத் திணிச்சுக்கிட்டு டாக்டர் வேலை பார்க்காதீங்க!

சம்மர் டிப்ஸ்

★ புது ஆர்த்தோடிக்கை முதல் நாளே நாள் முழுக்கப் போடாதீங்க. ஒன்றிரண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. ஷூவோட வந்த இன்சோலை எடுத்துட்டு அப்புறம் வைங்க. இல்லேன்னா ஷூ இறுக்கிக் கடிக்கும்.

★ ஷூ புழுக்கமா இருக்கா? உள் அட்டையைக் கழற்றி மாட்டுற மாதிரி, பின்பக்கம் வார் வெச்ச சாண்டல் வாங்குங்க. உங்க ஆர்த்தோடிக் அதுல பொருந்துதான்னு கடையிலேயே வெச்சுப் பாருங்க.

★ வியர்வையில ஊறின ஆர்த்தோடிக்கை லேசான சோப்புத் தண்ணியில துடைச்சு, நிழல்ல காய வைங்க. வெயில்ல போட்டாலோ, பூட்டின கார்ல விட்டாலோ சூட்டுல வளைஞ்சிடும். வடிவம் போனா வைத்தியமும் போச்சு!

★ சாக்ஸ் தினமும் மாத்துங்க. ரெண்டு ஜோடி ஷூ இருந்தா மாத்தி மாத்திப் போடுங்க. விரல் இடுக்கை ஈரமில்லாம துடைச்சா சேற்றுப்புண் கிட்ட வராது. பித்தவெடிப்புக்குக் க்ரீம் குதிகாலோட நிக்கட்டும், விரல் இடுக்குக்கு வேண்டாம்.

அப்பா காலையும் பாருங்க!

இது ஜோக் இல்லை. நீண்ட நாள் சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி மங்கிப்போக வாய்ப்பு உண்டு. மத்தியான வெயில்ல கோயில் பிராகாரத்துல நமக்குச் சுட்டா துள்ளிக் குதிப்போம். அவங்களுக்குச் சூடே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தா கொப்புளம்! அது ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கிற அளவுக்குப் போகலாம்.

அதனால, கோயிலுக்குக் காலை வேளையிலேயே கூட்டிட்டுப் போங்க. ராத்திரி படுக்குமுன் ரெண்டு பாதத்தையும் நல்ல வெளிச்சத்துல பாருங்க. சின்னப் புண்ணா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க. இவங்களுக்காகவே எம்.சி.ஆர். செருப்புன்னு மெத்துமெத்துன்னு ஒண்ணு இருக்கு. தொழுநோயால உணர்ச்சியிழந்த பாதங்களைக் காக்கவும் இதே ரகச் செருப்புதான். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், அப்படிப்பட்ட கால்களுக்காகவே வருஷக்கணக்கா உழைச்சவர்.

செல்போனுக்குக் கவர் போட்டு, பைக்குக்கு நிழல் தேடி நிறுத்துற ஆளுங்க நாம. வாழ்நாள் முழுக்க நம்மளைச் சுமக்கிற ஆளையும் கொஞ்சம் கவனிப்போமே!