ஐந்தாண்டு என்பது கெடு அன்று

அறுவைச் சிகிச்சைக்குப் பின் திசு ஆய்வு அறிக்கையைப் பெற்றுக்கொண்டு ஒரு தம்பதியர் என் அறைக்கு வந்தனர். தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய், கட்டி சிறியது, அக்குள் நெறிக்கட்டுகளில் பரவல் இல்லை. பேசி முடித்து மனைவி வெளியே சென்றதும், கணவர் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்: "அஞ்சு வருஷம்தானா டாக்டர்? பொண்ணு இப்பதான் எட்டாவது படிக்கிறா."

'ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 90 விழுக்காடு' என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். தொண்ணூறு அவர் மனத்தில் நிற்கவில்லை, ஐந்துதான் நின்றது. மனைவியிடம் சொல்லாமல் அதைப் பல நாள்கள் சுமந்திருக்கிறார். இதே ஐயத்துடன் வருவோர் பலர். ஆகவே, ஆய்வாளர்கள் இந்த எண்களை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

ஐந்து என்பது அளக்கும் இடம்

ஒரு சிகிச்சையைப் பெற்ற பெண்களை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கின்றனர். ஐந்தாம் ஆண்டின் முடிவில் நூறு பேரில் எத்தனை பேர் உயிருடன் இருக்கின்றனர் என்று எண்ணுவதே ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம். சாலையோர மைல்கல் தொலைவைக் காட்டுகிறது. சாலை அங்கே முடிவதில்லை. அதே பெண்களைப் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் மீண்டும் எண்ணலாம், எண்ணியும் இருக்கின்றனர்.

எதை எண்ணுகின்றனர்?

முதல் அளவு, ஒட்டுமொத்த உயிர்வாழ்வு. இதில் எந்தக் காரணத்தால் நேர்ந்த இறப்பும் சேரும், மாரடைப்பும் விபத்தும்கூட. இறப்புக்குக் காரணம் எது என்று தீர்மானிப்பதில் பிழை நேரலாம். இறந்த நாளில் பிழை நேர்வது அரிது. அதனாலேயே இது மிகவும் நம்பகமான அளவு.

இரண்டாம் அளவு, நோயற்ற உயிர்வாழ்வு. நோய் மீண்டும் தோன்றினாலோ இறப்பு நேர்ந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அந்த நாள் வரை கணக்கு. மீண்டும் தோன்றுவதிலும் வகைகள் உண்டு. அதே மார்பில் வருவது ஒன்று. அக்குளில் வருவது மற்றொன்று. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவிடங்களில் வருவது வேறொன்று. மார்பில் மட்டும் மீண்டும் வந்தால் பெரும்பாலும் அதை முழுமையாக அகற்ற முயலலாம். தொலைவிடப் பரவலே உயிருக்குப் பெரும் அச்சுறுத்தல். மறு மார்பில் புதிதாக வரும் புற்றுநோயைச் சில ஆய்வுகள் சேர்த்தன, சில விட்டுவிட்டன. பெயர் ஒன்று, பொருள் பல என்ற இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 2007இல் 'ஸ்டீப்' என்ற பொது வரையறை வெளியிடப்பட்டது. 2021இல் அது திருத்தப்பட்டது.

உயிர்வாழ்வை மட்டும் எண்ணினால் போதாதா? தொடக்கநிலையில் கண்டறியப்படும் பெண்களில் மிகப் பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். எனவே இறப்பை மட்டும் எண்ணினால் விடை கிடைக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்க நேரும். நோயற்ற உயிர்வாழ்வு முன்னதாகவே விடை தருகிறது. ஆயினும் அந்த விடை எப்போதும் நீண்ட ஆயுளாக மாறுவதில்லை.

மார்பைக் காத்த ஆய்வு

இதற்குச் சிறந்த சான்று, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1976இல் தொடங்கிய ஆய்வு. ஒரு பிரிவினருக்கு மார்பு முழுவதும் அகற்றப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் கட்டி மட்டும். மற்றொரு பிரிவினருக்குக் கட்டியை அகற்றியபின் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டது. 1,851 பெண்களின் இருபதாண்டு முடிவு 2002இல் வெளிவந்தது. உயிர்வாழ்வில் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் அகற்றியவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் நோய் மீண்டும் வந்தது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு. உயிரைக் காக்க மார்பை இழந்தே தீரவேண்டும் என்ற எண்ணம் இந்த ஆய்வால் மாறியது. மார்பைக் காத்துக்கொண்டவர்களுக்கு அதே மார்பில் நோய் மீள்வதைக் கதிர்வீச்சு வெகுவாகக் குறைக்கிறது என்பதும் உறுதியாயிற்று.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய 17 ஆய்வுகளின் 10,801 பெண்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். 2011இல் வெளியான அந்த முடிவின்படி, பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பை கதிர்வீச்சு 25.2 விழுக்காட்டிலிருந்து 21.4 ஆகக் குறைத்திருந்தது. ஓர் ஆய்வில் புலப்படாத சிறு நன்மை பல ஆய்வுகள் சேர்ந்தபோது புலப்பட்டது. 'வேறுபாடு காணப்படவில்லை' என்பதும் 'வேறுபாடு இல்லை' என்பதும் ஒன்றல்ல.

இரு எண்கள், ஒரே உண்மை

மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி மருந்தைச் செலுத்தினால் பயன் உண்டா என்பதே கேள்வி. ஐந்தாம் ஆண்டில் நோயற்றிருந்தோர், ஊசி பெற்றவர்களில் 86.6 விழுக்காடு, பெறாதவர்களில் 82.6. இதையே 'ஆபத்து 26 விழுக்காடு குறைந்தது' என்றும் கூறலாம். 'நூறு பேரில் கூடுதலாக நால்வர் பயன் பெற்றனர்' என்றும் கூறலாம். இரண்டும் உண்மை. செய்திகளில் முதல் வகை எண்ணைக் கண்டால், நூறு பேரில் எத்தனை பேர் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வராமல் போனவர்கள்

ஆய்வில் எல்லோரும் ஒரே நாளில் சேர்வதில்லை. ஒருவரைப் பத்தாண்டும் மற்றவரை ஈராண்டும் கவனித்திருப்பர். இவர்களை ஒன்றாகக் கணக்கிடும் முறையை 1958இல் கேப்லன், மையர் என்ற இருவர் வகுத்தனர். ஒருவரைக் கடைசியாகப் பார்த்த நாள் வரை அவர் கணக்கில் இருப்பார். அதன்பின் நலம் என்றும் கொள்ளமாட்டார்கள், நலமில்லை என்றும் கொள்ளமாட்டார்கள். ஆனால் நோய் முற்றியவர்களே வராமல் நின்றுவிட்டால், முடிவு உண்மையைவிட நன்றாகத் தோன்றும். மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாண்டு முடிந்தபின்

'ஐந்தாண்டு கடந்தது, இனிக் கவலை இல்லை' என்று பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுவதும் அதே எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வதுதான். ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில், ஐந்தாண்டு மாத்திரை முடித்து நோயற்றிருந்த 62,923 பெண்களைப் பற்றிய கணக்கு 2017இல் வெளியானது. இருபதாம் ஆண்டு வரையிலும் மீள்வு சிறிது சிறிதாகத் தொடர்ந்தது. கட்டி சிறியதாகவும் நெறிக்கட்டில் பரவல் இல்லாமலும் இருந்தவர்களுக்கு, தொலைவிட மீள்வு இந்தக் காலத்தில் 13 விழுக்காடு. அதாவது நூறில் 87 பேருக்கு அது வரவில்லை. இவர்கள் பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்கள் என்பதையும் நினைவிற்கொள்க.

இந்த எண்கள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. ஒரு பெண் அந்த 87 பேரில் இருப்பாரா, 13 பேரில் இருப்பாரா என்று எந்த எண்ணும் கூறாது. எந்தச் சிகிச்சை நல்லது, எவ்வளவு காலம் தேவை என்று தேர்ந்தெடுக்கவே அவை உதவும்.

அன்று அந்தக் கணவரிடம், மனைவியையும் உள்ளே அழைக்குமாறு கூறினேன். ஒரு தாளில் நூறு புள்ளிகளை வைத்து இருவருக்கும் ஒன்றாக விளக்கினேன். அவர் கேட்டதை மனைவி அப்போதுதான் அறிந்தார். சற்று நேரம் புள்ளிகளைப் பார்த்திருந்துவிட்டு, "இதைத்தான் இத்தனை நாளா மனசுல வச்சிக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கதிர்வீச்சு எந்தத் தேதியில் தொடங்கும் என்று விசாரித்தார்.