ஒரே மாதிரி மார்க்... ஒருத்தர் எம்.வி.பி, ஒருத்தர் அவுட்! என்.எஃப்.எல் டிராஃப்ட் சண்டை ஏன் முடிவதே இல்லை?

ஐ.பி.எல் ஏலம் நடக்கும் நாளில் உங்க வாட்ஸ்அப் குரூப் எப்படி இருக்கும்? "இவனுக்கு இத்தனை கோடியா?", "அவனை எதுக்குடா விட்டாங்க?", "ஸ்ட்ரைக் ரேட் பார்த்தியா மச்சான்?" என்று நடுராத்திரி வரைக்கும் ஓடும், இல்லையா? மேட்ச் ஆரம்பிச்சதும் அதை மறந்துடுவோம். அமெரிக்காக்காரர்கள் மறப்பதில்லை. 2018 ஏப்ரல் 26-ம் தேதி இரவு, டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் ஐந்து இளைஞர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அன்னிக்கு ஆரம்பித்த சண்டை, வருஷக்கணக்கா போயிட்டே இருக்கு.

முதலில் ஒரு விஷயம். இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுவது இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். ரூல்ஸ் முழுசா வேண்டாம், இவ்வளவு தெரிந்தால் போதும்: ஒரு அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். இப்படியே போய் எதிரணியின் எல்லையைத் தொட்டால் டச்டவுன், 6 புள்ளிகள். ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். நம்ம ஊர் கணக்கில் கேப்டன், ஓப்பனர், ஃபினிஷர் எல்லாம் ஒரே ஆள்.

அந்த ஆளை எப்படிப் பிடிப்பது? காசை வைத்து ஏலம் எடுக்க முடியாது. என்.எஃப்.எல் லீக்கில் 32 அணிகள். கல்லூரியில் ஆடிவிட்டு வரும் பசங்களை ஒவ்வொரு வருஷமும் ஏழு சுற்றுகளாக, வரிசைப்படி தேர்ந்தெடுப்பார்கள். இதுதான் டிராஃப்ட். வரிசைதான் இதில் அழகே. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி. தோற்றவனுக்கு முதல் பந்தி! 1936-லிருந்து இப்படித்தான் நடக்கிறது. (அந்த முதல் டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்-லில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. சகுனமே சரியில்லை பாருங்க!) வரிசையில் முன்னால் போகணும்னா, முன்னால் இருக்கும் அணிக்கு உங்க வாய்ப்புகளில் சிலதைக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம்.

2018-க்கு வருவோம். முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள், 20-லிருந்து 23 வயசுக்குள். முதல் இடத்தில் பேக்கர் மேஃபீல்ட், முந்தைய சீசனில் 16 மேட்ச்சிலும் தோற்றிருந்த கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்கு. 3-வது, சாம் டார்னால்ட், நியூயார்க் ஜெட்ஸ். 7-வது, ஜாஷ் ஆலன், பஃபலோ பில்ஸ். 10-வது, ஜாஷ் ரோசன், அரிசோனா கார்டினல்ஸ். 32-வதாக, முதல் சுற்றின் கடைசி ஆளாக, லாமர் ஜாக்சன், பால்டிமோர் ரேவன்ஸ்.

இதில் நம்பர் பார்க்கும் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டது ஜாஷ் ஆலனுக்காக. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்துப் பையன். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் சீண்டவில்லை. தானே கோச்களுக்கு ஈமெயில் அனுப்பி, கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தவர். உயரம் ஆறே கால் அடிக்கு மேல், கை பீரங்கி மாதிரி. ஆனால் எறிந்த பந்துகளில் சக வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது 56 சதவிகிதம்தான்.

"கல்லூரியிலேயே 60 தாண்டாதவன் இங்கே வந்து எங்கே தாண்டப்போறான்?" இதுதான் அன்றைய வாதம். சும்மா வாய்க்கு வந்த வாதமும் இல்லை, பழைய டிராஃப்ட்களை அலசிப் பார்த்தவர்கள் சொன்னது. பஃபலோவோ, 12-வது இடத்திலிருந்து 7-வது இடத்துக்கு முன்னேற, இரண்டாவது சுற்றின் இரண்டு வாய்ப்புகளைத் தூக்கிக் கொடுத்து இவரை எடுத்தது. அந்த ஊர் ரசிகர்களிலேயே பாதிப் பேர் கடுப்பாகிவிட்டார்கள்.

முதல் சீசனில் ஆலனின் சதவிகிதம் 52.8. "சொன்னோம்ல?" என்றார்கள்.

இப்போ பக்கத்திலேயே இன்னொரு நம்பரை வைத்துப் பாருங்க. அதே சீசனில் அரிசோனாவுக்கு ஆடிய ஜாஷ் ரோசனின் சதவிகிதம் 55.2. ஆலனைவிட அதிகம்! ஆலன் 10 டச்டவுன் பாஸ், எதிரணி கைக்குப் போனது 12. ரோசன் 11, 14. பாஸர் ரேட்டிங் என்று ஒரு மொத்த மார்க் உண்டு. அதில் ஆலன் 67.9, ரோசன் 66.7. ஆலன் ஓடி எடுத்த 8 டச்டவுன்களை ஒதுக்கிவிட்டால், எறிவதில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மார்க்.

அப்புறம் நடந்ததுதான் கதை. ரோசனை எடுத்த தலைமை கோச்சை அந்த ஒரே சீசனோடு அனுப்பினார்கள். தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்சை சீசன் பாதியிலேயே அனுப்பியிருந்தார்கள். அரிசோனா கடைசி இடம் என்பதால் 2019-ல் முதல் வாய்ப்பு அவர்களுக்கே வந்தது. புது கோச், அதனால் புது குவார்ட்டர்பேக்: கைலர் முர்ரே. மறுநாள் ரோசனை மயாமிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே மூன்று மேட்ச்சில் ஆரம்ப வீரராக ஆடினார், மூன்றும் தோல்வி. பிறகு அணி அணியாக மாறியும் எங்கேயும் நிலைக்கவில்லை.

பஃபலோ என்ன செய்தது? கோச்சை மாற்றவில்லை. 2019-ல் பந்தைப் பிடிக்க இரண்டு அனுபவசாலிகளைக் கொண்டுவந்தது. 2020-ல் ஸ்டெஃபன் டிக்ஸ் என்ற ஸ்டார் ரிசீவரை வாங்கியது. ஆலனும் சும்மா இல்லை, எறியும் முறையையே மாற்றிக்கொண்டார். சதவிகிதம் 2019-ல் 58.8, 2020-ல் 69.2. அந்த வருஷம் லீக்கிலேயே அதிக பந்துகளைப் பிடித்தவர் டிக்ஸ், மொத்தம் 127. உடனே சண்டை வேற ரூட்ல போச்சு. "ஆலன் ஒண்ணும் மாறலை, டிக்ஸ்தான் தூக்கி நிறுத்துறான்!"

நம்பர் பொய் சொல்லுதா?

பொய் சொல்லாது. ஆனா யாரைப் பற்றிச் சொல்லுதுன்னு பார்க்கணும். பாஸர் ரேட்டிங்கையே எடுத்துக்கோங்க. போய்ச் சேர்ந்த பந்துகள், யார்டுகள், டச்டவுன்கள், எதிரணியிடம் போனவை, இந்த நான்கையும் எறிந்த எண்ணிக்கையால் வகுத்துச் செய்யும் கலவை. அதிகபட்சம் 158.3. (ஏன் 100 இல்லை என்று கேட்காதீங்க, அந்த ஃபார்முலா அப்படி.) ரிசீவர் நழுவவிட்டாலும் அது குவார்ட்டர்பேக் கணக்கில்தான் கழியும். எதிரணி அமுக்கிவிடும் என்று பந்தை வேண்டுமென்றே வெளியே எறிந்தாலும் கழியும். ஆனால் எறியாமல் முழிச்சுக்கிட்டு நின்று கீழே விழுந்தால், ரேட்டிங்கில் ஒரு கீறல்கூட விழாது. ஓடி எடுத்த யார்டும் அதில் வராது.

இந்தக் கோபத்தில் பிறந்தது இன்னொரு அளவு. சுருக்கமாக ஈ.பி.ஏ என்கிறார்கள். 10 யார்டில் இன்னும் 8 பாக்கி, மூன்றாவது வாய்ப்பு. 7 யார்டுக்கு ஒரு பாஸ் போகுது. பழைய கணக்கில் சபாஷ்: பந்து சேர்ந்தது, 7 யார்டு வந்தது. உண்மையில் அணி மாட்டிக்கொண்டது, அடுத்து பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்க வேண்டி வரலாம். ஈ.பி.ஏ பார்ப்பது இதைத்தான். இந்த ஆட்டத்துக்கு முன்னால் அணி சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கும் நிலையில் இருந்தது, அதற்குப் பிறகு எத்தனை? 20-வது ஓவரில் 18 ரன் தேவைப்படும்போது சிங்கிள் எடுப்பவரின் கணக்கும், 2-வது ஓவரில் சிங்கிள் எடுப்பவரின் கணக்கும் ஒண்ணா என்ன? அதே லாஜிக்.

ஆனால் ஈ.பி.ஏ-வும் ஒரு அணி சேர்ந்து செய்ததைத்தான் அளக்கிறது. முன்னால் நின்று காக்கும் ஐந்து தடியர்கள், பிடிப்பவர், திட்டம் போட்ட கோச் எல்லோர் வேலையும் கடைசியில் ஒருத்தர் பெயரில் வரவாகிறது. ரோசனுக்கும் ஆலனுக்கும் 2018-ல் வந்தது அந்த மாதிரி வரவுதான். ஒரு அணி அதைத் தீர்ப்பாகப் படித்தது, இன்னொன்று மருத்துவ ரிப்போர்ட் மாதிரி படித்து வைத்தியம் பார்த்தது. ரோசன் பஃபலோவுக்குப் போயிருந்தால் ஆலன் ஆகியிருப்பாரா? ஆகியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆலனின் கையும் காலும் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் 13 மேட்ச்சில் ஆரம்ப வீரராக ஆட விட்டு ஒரு 21 வயசுப் பையனுக்கு முடிவுரை எழுதியது அவசரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம்பரே வேண்டாம், 'கண்ணால பார்த்தா தெரியும்' கோஷ்டி மட்டும் யோக்கியமா? லாமர் ஜாக்சனைக் கேளுங்க. 2016-ல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் டிராஃபி வாங்கியவர். அவரைப் பார்த்து, "நீ குவார்ட்டர்பேக் வேண்டாம், ரிசீவராகப் போ" என்றார் பில் போலியன். சாதாரண ஆள் இல்லை. 1998 டிராஃப்ட்டில் ரயன் லீஃபை விட்டுவிட்டு பெய்ட்டன் மேனிங்கைத் தேர்ந்தெடுத்த இண்டியானாபொலிஸ் நிர்வாகத்தின் தலைவர். லீஃப் காணாமல் போனார், மேனிங் ஜாம்பவான் ஆனார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கே லாமர் தெரியவில்லை. ரேவன்ஸ்கூட 25-வது வாய்ப்பில் வேறொருவரை எடுத்துவிட்டுத்தான் இவரிடம் வந்தது. 2019-ல் லாமர் 36 டச்டவுன் பாஸ் எறிந்து, 1,206 யார்டு ஓடி, ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் எம்.வி.பி, அதாவது சீசனின் மிக மதிப்புள்ள வீரர் ஆனார். தப்பு பண்ணிட்டேன் என்று போலியனும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மிச்ச ரெண்டு பேர்? டார்னால்ட், 2019-ல் நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று அடிவாங்கிய இரவில், பெஞ்சில் உட்கார்ந்து "பேய் தெரியுது" என்று சொன்னது மைக்கில் பதிவாகி டி.வி-யில் வந்துவிட்டது. ஊரே மீம் போட்டது. மேஃபீல்ட் கதை இன்னும் சினிமா. கிளீவ்லாண்ட் கைகழுவி, அடுத்த அணியிலிருந்தும் வெளியே வந்து, 2022 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராம்ஸ் அணியில் சேர்ந்தார். வியாழக்கிழமையே களமிறங்கி, கடைசி நிமிடங்களில் 98 யார்டு கடந்து ஜெயிக்க வைத்தார். திட்டப் புத்தகத்தைப் படிக்கவே இரண்டு நாள்தான்!

இதையெல்லாம் பொருளாதாரம் படித்தவர்களும் நோண்டியிருக்கிறார்கள். 2017-ல் நோபல் வாங்கிய ரிச்சர்டு தேலரும், கேட் மேஸியும் சேர்ந்து டிராஃப்ட்டை ஆராய்ந்தார்கள். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்துத் தேர்வான இரண்டு பேரில், முன்னால் தேர்வானவர்தான் அதிக மேட்ச் ஆடுவார் என்பதற்கான வாய்ப்பு 50 சதவிகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். ஆனாலும் முன்னால் போய் 'அந்த ஒருத்தனை' எடுக்க அணிகள் வாரி இறைக்கின்றன. எல்லோருக்கும் தன் கண் மேல அவ்வளவு நம்பிக்கை!

2024 சீசனில் இந்த ஐந்து பேரில் நான்கு பேர் ஆடினார்கள், நான்கு பேருமே ஜொலித்தார்கள். டச்டவுன் பாஸ் கணக்கு: லாமர் 41, மேஃபீல்ட் 41, டார்னால்ட் 35, ஆலன் 28. டிக்ஸ் அதற்கு முன்பே ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், அதனால் ஆலனிடம் இப்போது அந்த ஊன்றுகோலும் இல்லை. எம்.வி.பி யாருக்கு? நான்கு பேரில் எண்ணிக்கை குறைந்த ஆலனுக்கு! முதலிட ஓட்டுகள் ஆலனுக்கு 27, லாமருக்கு 23. லாமரிடம் எதிரணிக்குப் பறிகொடுத்தது வெறும் 4, லீக்கிலேயே உச்ச ரேட்டிங். பால்டிமோர் ரசிகர்கள் அதை வைத்துக் கொதித்தார்கள். பஃபலோ ரசிகர்கள், 2018-ல் எந்த நம்பரால் தங்களைக் கிண்டல் செய்தார்களோ அதே நம்பர் கோஷ்டியைப் பார்த்து, "மேட்ச்சைப் பாருங்கப்பா" என்றார்கள்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதியது 2025 ஜனவரி 19, பஃபலோவில், குளிரில், நாக் அவுட் மேட்ச். ஒன்றரை நிமிடம் பாக்கி இருக்கும்போது லாமரின் டச்டவுன் பாஸ் ஸ்கோரை 27-25 ஆக்கியது. டச்டவுனுக்குப் பிறகு ஒரே ஒரு முயற்சியில் 2 புள்ளி எடுக்க வாய்ப்பு உண்டு. எடுத்தால் சமன். லாமர் எறிந்தார். பந்து நேராக மார்க் ஆண்ட்ரூஸின் கைக்கே போய், நழுவியது. பஃபலோ ஜெயித்தது.

அந்த ஒரு பாஸைப் பற்றித்தான் ரெண்டு ஊரும் அதிகமாகப் பேசுகிறது. இரண்டு புள்ளி முயற்சியில் எறியும் பந்துகளைப் பாஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. லாமரின் சதவிகிதத்திலும் அது இல்லை, ரேட்டிங்கிலும் இல்லை.