கட்லெட்... பெயருக்குள் ஓர் எலும்பு!

ஏற்காட்டில் கிளியூர் அருவியைப் பார்க்கக் கீழே இறங்குவது சுலபம். திரும்பி மேலே ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கும். வயிறும் கபகபவெனப் பசிக்கும். அந்தக் குளிருக்கு, காபியோடு சுடச்சுட ஒரு வெஜிடபிள் கட்லெட் கிடைத்தால்... ஆஹா!

'கட்லெட்' என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்ததுண்டா? காய்கறிகளை 'கட்' பண்ணிச் செய்வதால் வந்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. விஷயமே வேறு. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அர்த்தம், 'சின்ன விலா எலும்பு'!

லத்தீனில் 'கோஸ்டா' என்றால் விலா எலும்பு. பிரெஞ்சில் அது 'கோத்' ஆனது. சிறியது என்பதைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'கோத்லெத்' பிறந்தது. ஆடு, கன்று போன்றவற்றின் விலாப் பகுதியிலிருந்து எலும்போடு வெட்டி எடுக்கும் கறித்துண்டுக்குத்தான் அந்தப் பெயர். இங்கிலாந்துக்குப் போனதும், 'கட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலில் 'கட்லெட்' ஆகிவிட்டது.

அந்தக் கறித்துண்டை முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது ஆங்கிலேயர் வழக்கம். அவர்களோடு இந்தியாவுக்கு வந்த கட்லெட், நம் சமையலறைகளில் ஆளே மாறிப்போனது. எலும்பு போய், கொத்துக்கறி வந்தது. சைவச் சமையலில் கறியும் போய், மசித்த உருளைக்கிழங்கும் கேரட்டும் பட்டாணியும் வந்தன. மிச்சம் இருப்பது, மொறுமொறு ரொட்டித்தூளும் அந்தப் பெயரும்தான். இந்தியன் காபி ஹவுஸ் கட்லெட்டில் பீட்ரூட் சேர்ந்து சிவக்கும். இலங்கைத் தமிழர் வீடுகளில் மீனும் உருளைக்கிழங்கும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள்.

சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகும் பிள்ளைகள் சைவமாக இருந்தால், இது அவசியம் தெரிய வேண்டிய சங்கதி. லண்டன் ஹோட்டல் மெனுவில் 'லேம்ப் கட்லெட்' என்றிருந்தால், தட்டில் வருவது எலும்போடு ஆட்டுக்கறி. ரஷ்யாவில் 'கத்லேத்தா' என்றால் பெரும்பாலும் கொத்துக்கறியில் தட்டிப் பொரித்தது. ஜப்பானில் இதே சொல் 'கட்ஸு' எனச் சுருங்கிவிட்டது. அங்கே 'டொன்கட்ஸு' என்பது பன்றிக்கறி. பெயரை நம்பி ஆர்டர் செய்யாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவதே நல்லது.

நம் ஊர் மெனு கார்டில் கட்லெட்டுக்கு முன்னால் 'வெஜிடபிள்' என்ற சொல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை!