மலை இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாமே!

விடுமுறை வந்தாலே குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பிவிடுகிறோம். ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போவதில் பிள்ளைகளுக்குத் தனி குஷி! ஏறும்போது கவனமாக ஓட்டுபவர்கள்கூட, 'இறக்கம்தானே, வண்டி தானாகவே போகும்' என்று திரும்பும்போது அலட்சியமாகிவிடுகிறார்கள். மேனுவல் கியர் கார் ஓட்டுபவர்கள் உஷாராக இருக்க வேண்டிய நேரமே அதுதான்.

நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமா?

இது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய கார்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதும் இதே கதைதான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து: பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் இறுகிவிடும்.

பிரேக் ஏன் கைவிடுகிறது?

நியூட்ரலில் வண்டியின் மொத்த பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக் பேட் சூடேறி பிடிமானம் குறையும். சூடு அதிகமானால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் 'பொதுக்'கென்று உள்ளே போய்விடும்.

என்ன செய்யலாம்?

* ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர்; செங்குத்தான இடத்தில் முதல் கியர். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

* பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டாதீர்கள். அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள்.

* கருகிய வாடை வந்தால், அகலமான இடத்தில் நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

* பிரேக் பிடிக்கவில்லையா? பெடலை வேகமாக மிதித்து மிதித்து விடுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒதுங்குங்கள்.

* எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். கார் கையேட்டில் சொன்ன காலத்தில் அதை மாற்றிவிடுங்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இறக்கம் தொடங்கும்போது, 'கியர்லதானே இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வளைவுகளை எண்ணலாம்!